மோட்டாருக்குச் சுற்றிய துணி

எலெக்ட்ரான் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது. கல்யாணமாகி ஓர் ஆண்டு ஆகியிருக்காது. என் கணவர் மலாக்கா நகர மின்சார இலாகாவில் வயர்மேன். ஜப்பான்காரன் வருகிறான் என்று முன்பிருந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஓடிப்போனபோது விட்டுப்போன இரண்டு ஆங்கிலப் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். வேலை இல்லாத நேரமெல்லாம் அவற்றில்தான் முகத்தைப் புதைத்துக்கொண்டிருப்பார். அன்றைக்குத் திடீரென்று எழுந்து, ஒரு துண்டுச் செம்புக் கம்பியை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, இந்தக் கம்பிக்குள்ள எலெக்ட்ரான்னு ஒன்னு இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. கோடிக்கணக்குல இருக்கு. பெண்டஹாரா கடைத்தெருவுல தீபாவளிக்கு மொதநாள் சனம் சுத்துமே, அது மாதிரி சுத்திக்கிட்டே கெடக்கும். ஒரு பக்கமா தள்ளிவிட்டா எல்லாம் அந்தப் பக்கம் நகரும். அதான் கரண்டு."

"அப்ப ரப்பர்ல?"

"ரப்பர்லயும் இருக்கு. ஆனா ஒவ்வொன்னும் அதது வீட்டோட கட்டுண்டு கெடக்கும். வெளிய கால் வைக்காது. அதனாலதான் ரப்பர் போட்ட கம்பிய தொட்டா நமக்கு ஒன்னும் ஆகல."

"அப்படின்னா செம்புல இருக்கிறது ஆம்பளைங்க, ரப்பர்ல இருக்கிறது பொம்பளைங்கன்னு சொல்லுங்க" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு எப்போதும் தாமதமாகத்தான் வரும். நான் கிழங்கை வெட்டி, கழுவி, அடுப்பில் ஏற்றிய பிறகு பின்கட்டில் அவர் தனியாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அந்த ஆண்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார்கள். தொங்கப்போட வேண்டியவைதான் அவை. அரிசி இல்லை, துணி இல்லை, சோப்பு இல்லை. கடிகாரம் டோக்கியோ நேரம் காட்டியது. வயிறு மட்டும் மலாக்கா நேரத்துக்கே பசித்தது. காவல்காரனுக்குக் குனியாமல் போனால் அறை விழும். எல்லாம் உண்மை. ஆனால் எனக்குப் பூசி மெழுகிப் பேசத் தெரியாது. அந்த ஆண்டுகளில் நான் சந்தோஷமாக இருந்தேன். என் வீட்டில் ஆராய்ச்சி நடந்தது, அதில் எனக்கும் ஒரு கை இருந்தது.

காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரம்மா மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழர் வம்சம். காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கோயிலுக்குப் போவார். வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். ஆனாலும் நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைத் தங்காச்சி என்பார். அந்த இரண்டு தமிழ்ச் சொற்களும் எங்கள் இருவருக்கும் போதுமானவையாக இருந்தன. மிச்சத்துக்கு என்னுடைய ஓட்டை மலாய் இருந்தது.

சயாம் என்ற சொல்லுக்குத்தான் அப்போது எல்லோரும் பயந்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முதலில் ரப்பர்த் தோட்டங்களில் பிடித்தார்கள், பிறகு டவுனிலும் வீடு வீடாக விசாரித்தார்கள். எங்களுக்குப் பின்வரிசையில் இருந்த ஒரு தச்சரை, சட்டை மாட்டக்கூட விடாமல் லாரியில் ஏற்றினார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. அவர் மனைவி அதற்குப் பிறகும் சாயங்காலமானால் வாசல் விளக்கை ஏற்றிவைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.

மின்சார இலாகாவில் ஆள் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்த நேரத்தில்தான் ஐஸ் ஆலையின் பெரிய மோட்டார் எரிந்துபோனது. பட்டாளத்துக்குப் போகும் மீனுக்கு ஐஸ் இல்லை. பொறுப்பில் இருந்த ஜப்பானிய இஞ்சினியரை நாங்கள் கண்ணாடிக்காரர் என்போம். வட்டக் கண்ணாடி போட்டவர், அரைகுறை மலாய் பேசுபவர். அவர் என் கணவரைக் கூப்பிட்டு, கருகிய மோட்டாரைக் காட்டி, "மோத்தோர் ஜாலான், லூ சினி. தா ஜாலான், லூ சயாம்" என்றாராம். ஓடினால் நீ இங்கே, ஓடாவிட்டால் நீ சயாம். சந்தையில் மீன் பொறுக்குகிறவரைப் போலச் சாதாரணமாகச் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. கண்ணாடிக்காரர் மேல் கோபம், ஐஸ் தின்னும் மீன் மேல் கோபம், சரியாக இந்த நேரம் பார்த்து எரிந்த மோட்டார் மேல் கோபம்.

"அந்த மோட்டாருக்கு என்னதான் வேணுமாம்?" என்று கேட்டேன்.

அவர் விளக்கினார். மோட்டாரின் வயிற்றுக்குள் செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி இரும்புக்குள் சொருகியிருப்பார்கள். கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே எலெக்ட்ரான் தாண்ட முடியாத ஒரு துணி வேண்டும். அதற்கென்றே செய்த துணியும், அதில் பூசும் வார்னிஷும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தன. இப்போது எந்தக் கப்பல் வரும்? கம்பிக்குக் கவலை இல்லை, செத்த மோட்டார்களிலிருந்து உருவிக்கொள்ளலாம். தாண்ட முடியாத துணிதான் ஊரிலேயே இல்லை.

"இல்லேன்னா செஞ்சிருவோம்" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அதுவரை நான் செய்த பெரிய காரியம் ஊறுகாய் போட்டதுதான்.

மறுநாள் அவர் அலுவலகத்திலிருந்து ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்தார். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும். அதை வேகமாகச் சுற்றினால் உள்ளே மின்சாரம் பிறக்கும். பெட்டியிலிருந்து வரும் இரண்டு வயர்களுக்கு நடுவே எதை வைத்தாலும் அதன் வழியாக எவ்வளவு கசிகிறது என்று மேலே ஒரு முள் காட்டும். நன்றாகக் கசிந்தால் முள் சைபரில் விழும். கொஞ்சமும் கசியாவிட்டால் மறுகோடியில், எட்டு என்ற எண் படுத்துக்கிடப்பதுபோல ஒரு குறி இருக்குமே, அங்கே போய் நிற்கும். நான் அதற்கு ராட்டைப் பெட்டி என்று பேர் வைத்தேன். கைப்பிடியைச் சுற்றுவது என் வேலை, முள்ளைப் பார்ப்பது அவர் வேலை. இரண்டாவது வாரமே, அவர் வீடு திரும்பும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் நான் இரண்டு வேலையையும் எடுத்துக்கொண்டேன்.

முதலில் ரப்பர்ப் பால். மலாயாவில் அதற்குப் பஞ்சமில்லை. பழைய வேட்டியைக் கிழித்து ரப்பர்ப் பாலில் முக்கிக் காயவைத்தோம். முள் அழகாகப் படுத்த எட்டில் நின்றது. நான் குதித்தேன். அவர் அதை எடுத்து அடுப்புப் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்தார். மோட்டார் ஓடும்போது அந்த அளவுக்குச் சூடாகுமாம். துணி மெழுகாக இளகிக் கையில் ஒட்டிக்கொண்டது. தூக்கி எறிந்தோம். அடுத்து கஞ்சி போட்ட துணி. காய்ந்திருந்தால் நல்ல பிள்ளை, கிழங்கு வேகும் பானையின் ஆவியில் காட்டியதும் முள் தலைகுப்புற விழுந்தது. பிறகு குங்கிலியத்தை உருக்கித் தேங்காயெண்ணெயில் கலந்து பூசினோம். அது காயவே இல்லை. கொடியில் தொங்கி, ஈயையும் தூசியையும் பிடித்துக்கொண்டு, எங்களைக் கேலி செய்வதுபோல ஆடிக்கொண்டிருந்தது.

ஆனால் எனக்கு அந்த நாட்கள் இனித்தன. துணி காயும்வரை வேறு வேலை இல்லை. ஒரு மத்தியானம் அவர் பழைய கார் பேட்டரி ஒன்றோடு சின்ன பல்பையும், மெல்லிய இரும்புக் கம்பிச் சுருள் ஒன்றையும் சேர்த்து மாட்டினார். பல்பு எரிந்தது. கம்பிச் சுருளை அடுப்பு நெருப்பில் காட்டினார். பல்பு மங்கியது. சுருளை எடுத்துக் கிணற்றுத் தண்ணீர் வாளியில் விட்டார். பல்பு பளிச்சென்று ஆனது. நான் வாயைப் பிளந்துகொண்டு, "இன்னொரு தடவ காட்டுங்க" என்றேன். பேட்டரி தீரும்வரை நெருப்புக்கும் வாளிக்குமாகக் காட்டிக்கொண்டே இருந்தோம்.

"சூட்டுல கம்பியே நடுங்குது. எலெக்ட்ரான் போற வழியில முட்டி மோதி தடுமாறுது. குளிர்ல வழி சுளுவாயிருது" என்றார். பிறகு, புத்தகத்தில் படித்த ஒன்றைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார், யாரோ ஒட்டுக்கேட்பதுபோல. பாதரசத்தை ஐஸைவிடப் பல மடங்கு குளிரவைத்தால், உலகத்தில் எங்குமே இல்லாத அளவு குளிரவைத்தால், ஒரு கட்டத்தில் தடை என்பதே இல்லாமல் போய்விடுமாம். மங்காமல், தேயாமல், தள்ளிவிட்ட மின்சாரம் வளையத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்குமாம். பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் நிற்காதாம்.

"எதுவரைக்கும்?"

"குளிரு இருக்கிற வரைக்கும்."

"இங்க ஐஸ் ஆலையே செத்துக் கெடக்கு. உங்களுக்கு அதவிடக் குளிரு வேணுமாக்கும்" என்றேன். ஆனால் அன்றைக்கு முழுவதும் எனக்கு அந்த நினைப்பாகவே இருந்தது. இப்போது அதற்கு மீக்கடத்தி என்று பேர் வைத்திருக்கிறார்கள். பேரன் பேத்திகள் பள்ளிப் புத்தகத்தில் படிக்கிறார்கள். நான் அதைச் சமையலறையில் படித்தவள் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

வழி பிறந்தது வீட்டுக்காரம்மாவின் அடுக்களையில்தான். அவர் குழம்புக்குப் புவா கெராஸ் என்ற கொட்டையை அரைத்து ஊற்றுவார். மலாய்க்காரர்களும் செட்டிகளும் அது இல்லாமல் சமைக்க மாட்டார்கள். கொழுப்பான, வெள்ளைப் பருப்பு. அதிலேயே எண்ணெய் எடுத்துக் கூந்தலுக்கும் தடவுவார். ஒரு நாள் நான் அவருடைய எண்ணெய்த் தட்டைக் கழுவிக் கொடுக்க எடுத்தேன். தட்டின் ஓரத்தில் வழிந்த எண்ணெய் காய்ந்து, பழுப்பாக, கண்ணாடிபோல ஒட்டியிருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன், தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை.

"அக்கா, இது என்ன எண்ணெயா, அரக்கா?" என்று கத்தினேன்.

"தா போலே புவாங், தங்காச்சி. சூடா கெராஸ்" என்றார் அவர் அசட்டையாக. கழுவினால் போகாது, கெட்டியாகிவிட்டதாம்.

நான் தட்டோடு என் கணவரிடம் ஓடினேன். அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார், வெயிலில் சாய்த்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக இன்னும் நூறு தட்டு கழுவியிருப்பேன்.

கொட்டையை இடித்து, ஆவியில் வைத்து, துணியில் கட்டிப் பிழிந்து எண்ணெய் எடுத்தோம். மெல்லிய தீயில் பாகு பதம் வரும்வரை காய்ச்சினோம். பதம் பார்ப்பது நான். அதில் அவரை நான் கிட்டேயே விடவில்லை. இறக்கும் நேரத்தில் பொடித்த குங்கிலியத்தைப் போட்டுக் கிளறினால் தேன் நிறத்தில் ஒரு வார்னிஷ் வந்தது. வேட்டித் துண்டில் பூசிக் கொடியில் போட்டோம். சில நாளில் வழுவழுவென்று, வளைத்தால் முறியாத துணியாகக் காய்ந்தது. அடுப்புச் சூட்டில் இளகவில்லை. ஆவியில் காட்டினோம். முள் கொஞ்சம் அசைந்தது, ஆனால் விழவில்லை.

கண்ணாடிக்காரருக்குச் செய்தி போனதும், பூட்டிக் கிடந்த ஒரு ஜவுளிக்கடையைத் திறக்கச் சொல்லிப் புத்தம்புது வெள்ளைத் துணி அனுப்பினார். அந்தக் காலத்தில் புதுத்துணியைக் கண்ணால் பார்ப்பதே பெரிது. கடைக் கஞ்சி போகவேண்டும் என்று சாம்பல் தண்ணீரில் வேகவைத்து அலசினேன். பட்டை பட்டையாகக் கிழித்து, வார்னிஷ் பூசி, காயவைத்து, ஆவியில் காட்டி, ராட்டையைச் சுற்றினேன்.

எல்லாப் பட்டையும் கசிந்தது. வேட்டித் துண்டில் நின்ற முள் புதுத்துணியில் தள்ளாடியது. ஒரு பட்டையில் மட்டும் நேராகச் சைபரில் விழுந்தது.

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் அந்த ஒரு பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வார்னிஷுக்கு அடியில், ஓர் ஓரத்தில், சிவப்பாக ஒரு கறை. வேறு யாராக இருந்தாலும் துரு என்று நினைத்திருப்பார்கள். எந்தத் தமிழச்சிக்கும் அந்தச் சிவப்பு தெரியும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் வரும் ஆரத்திச் சிவப்பு அது.

"இதுல யாரு மஞ்சள் வெச்சது?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"உங்களைத்தாங்க கேக்கறேன்."

"புதுத்துணி… கத்தரி வைக்கறதுக்கு முன்னாடி… ஒரு ஓரத்துல மட்டும்தான்…"

நான் கோயிலுக்கு நேர்ந்துகொண்டால் கிண்டல் செய்கிறவர். எலுமிச்சம்பழம் கட்டவிடாதவர். எலெக்ட்ரானைத் தவிர வேறு கண்ணுக்குத் தெரியாத எதையும் நம்ப மாட்டேன் என்று பீற்றிக்கொண்டவர். விடியுமுன் எழுந்து, என் மஞ்சள் டப்பாவைத் திருடி, நனைத்துக் குழைத்து, நான் அலசிப்போட்டிருந்த, மோட்டாருக்குச் சுற்றப்போகும் துணிக்கு ஓரத்தில் மஞ்சள் வைத்திருக்கிறார்! நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். வீட்டுக்காரம்மா என்ன என்ன என்று ஓடிவந்து, விஷயம் புரிந்ததும் அவரும் உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் அந்தச் சிரிப்பின் அடியில் இருந்தது எனக்கு உறைத்தது. அவ்வளவு பயந்துபோயிருந்தார் மனிதர்.

ஆனால் அந்த மஞ்சள்தான் குட்டை உடைத்தது. நாங்கள் சுண்ணாம்பே சேர்க்காதபோது மஞ்சள் ஏன் சிவந்தது என்று அவர் யோசித்தார். சாம்பல் தண்ணீர். எத்தனை அலசியும் சாம்பலின் காரம் துணியில் தங்கியிருந்தது. காரமோ உப்போ துணியில் இருந்து, ஈரமும் பட்டால், எலெக்ட்ரான் வராவிட்டாலும் அந்த உப்பே மின்சாரத்தைச் சுமந்துகொண்டு அக்கரைக்குப் போய்விடும் என்றார். அதோடு சாம்பலை விட்டேன். மழைத்தண்ணீர் பிடித்து மறுபடி மறுபடி அலசினேன். ஒவ்வொரு தடவையும் துணியின் மூலையைக் கத்தரித்து அதில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்துப் பார்ப்போம். சிவந்தால் இன்னொரு அலசல். மஞ்சள் மஞ்சளாகவே நின்றால் துணி சுத்தம். அப்படிச் செய்த பட்டை, பானை ஆவியில் எவ்வளவு நேரம் தொங்கினாலும் முள் படுத்த எட்டை விட்டு அசையவில்லை.

மோட்டார் ஓடியது. முதல் ஐஸ் கட்டியிலிருந்து உடைத்த ஒரு துண்டைச் சாக்கில் சுற்றி அவர் வீட்டுக்கு ஓட்டமாகக் கொண்டுவந்தார். வீட்டுக்காரம்மாவோடு நாங்கள் மூவரும் வாயில் போட்டுக்கொண்டு, பல் கூசக் கரையவிட்டோம். சயாம் தொலைந்தது என்று நினைத்தேன்.

சில நாள் கழித்து அவர் வேலையிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்தார். கண்ணாடிக்காரருக்கு ஏக சந்தோஷமாம், தோளில் தட்டிக்கொடுத்தாராம். சயாம் ரயில்வேயின் பட்டறைகளில் மழை ஈரத்தால் மோட்டாரும் டைனமோவும் வரிசையாகப் போகின்றனவாம். இப்படித் துணி செய்யத் தெரிந்த ஆள் அங்கேதான் வேண்டுமாம். அடுத்த ரயிலில் இவரை அனுப்பப்போகிறாராம்.

ஓடினாலும் சயாம், ஓடாவிட்டாலும் சயாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் ராட்டைப் பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன்.

"நான் ஒன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார் அவர். "துணி செய்யறது நான் இல்ல, என் வீட்டுக்காரின்னு சொன்னேன். எனக்குக் கம்பி சுத்த மட்டும்தான் தெரியும்னு. அவரு நம்பல. நாளைக்கு இங்க வர்றாரு. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒன்னு செஞ்சு காட்டணுமாம்."

மறுநாள் கண்ணாடிக்காரர் வந்தார். வீட்டுக்காரம்மா கொடுத்த நாற்காலியில், முழங்காலில் கைவைத்து, சமையலறை வாசலிலேயே உட்கார்ந்தார். ஒரே துணியிலிருந்து இரண்டு பட்டைகள் கிழித்து, என் கணவருடையதில் மட்டும் அடையாளத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். நான் என் பட்டையை எடுத்துக்கொண்டு சுவரோரம் இருந்த மழைத்தண்ணீர்ப் பானையில் அலச ஆரம்பித்தேன்.

பக்கத்தில் இன்னொரு பானை இருந்தது. கடையில் உப்பு கிடைக்காததால், வீட்டுக்காரம்மா கடற்கரையிலிருந்து சுமந்துவரும் தண்ணீரைக் காய்ச்சித்தான் உப்பு எடுத்துக்கொண்டிருந்தோம். அது கடல்தண்ணீர்ப் பானை. பார்க்கிறவருக்கு இரண்டும் தண்ணீர்தான். என் கணவர் தன் பட்டையை அந்தப் பானையில் முக்கினார்.

பதம் தப்பி யார் எதைச் செய்தாலும் எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏங்க, அது…" என்று ஆரம்பித்துவிட்டேன். இடுப்பில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. வீட்டுக்காரம்மா. என்னைவிட முன்னால் அவருக்குப் புரிந்துவிட்டது. "தங்காச்சி, குவாலி பானாஸ்!" என்றார், சட்டி சூடேறிவிட்டது என்று. நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். அடுப்பில் இருந்த வார்னிஷைக் கிளறினேன். என் கணவரோ ஒரு அவசரமும் இல்லாமல், அக்கறையாக, தன் பட்டையை அந்த உப்புத் தண்ணீரில் முக்கி முக்கி அலசிக்கொண்டிருந்தார்.

காயவைத்து, இரண்டிலும் வார்னிஷ் பூசினோம். கண்ணாடிக்காரர் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் மோட்டார் அறையின் சூட்டில் தொங்கவிட்டார். அவை காயும்வரை நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பலகைச் சுவருக்கும் காது இருந்த காலம்.

காய்ந்ததும் என்னையும் ஆலைக்கு வரச் சொன்னார்கள். பட்டறை ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். இரண்டையும் ஆவியில் காட்டிய பிறகு, என் பட்டையைச் செம்புக் குழாயில் சுற்றி, கண்ணாடிக்காரரே ராட்டையைச் சுற்றினார். முள் மேலேறி, படுத்த எட்டில் போய் நின்றது. "பாகுஸ்" என்றார். நல்லது. அடுத்து முடிச்சுப் போட்ட பட்டையைச் சுற்றினார்.

முடி அளவுக்கு முள் அசைந்தால் அன்றைக்குச் சோறு இறங்காத மனிதர் என் கணவர். அடுத்தவர் சுற்றிய சுருளில் ஒரு மடிப்புத் தெரிந்தால்கூடப் பிரித்துத் திரும்பச் சுற்றுகிறவர். அத்தனை பேர் முன்னால், தன் பேர் சொல்லும் பட்டையில் முள் சறுக்கிச் சறுக்கிச் சைபரில் விழுவதைக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பகேரோ!" என்று கத்தி, கண்ணாடிக்காரர் ஓங்கி ஓர் அறை விட்டார். பட்டறை முழுக்கக் கேட்டது. பின்னால் நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். முட்டாள், இத்தனை நாள் இல்லாத பேரையா வாங்கிக்கொண்டிருந்தாய், பெண்டாட்டி செய்கிற வேலையைக்கூடப் பார்த்துச் செய்யத் தெரியவில்லையா என்று மலாயிலும் ஜப்பானியத்திலுமாகத் திட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி உத்தரவு போட்டார். துணியை நான் இங்கேயே செய்யவேண்டும், தகர டின்னில் அடைத்துச் சயாமுக்கு அனுப்புவார்கள். இவன் இங்கேயே கிடந்து கம்பி சுற்றட்டும், உனக்கு விறகு வெட்டிக் கொடுக்கட்டும், அங்கே இவனால் பிரயோசனம் இல்லை.

என் வாழ்க்கையில் எத்தனையோ நல்ல சத்தம் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் பிறந்தபோது அழுத சத்தம் உண்டு, போர் முடிந்தது என்று தெருவில் கூவிய சத்தம் உண்டு. அந்த அறையின் சத்தத்துக்கு அவை எதுவும் ஈடில்லை. கட்டிய புருஷனை ஒருவன் அறைவதைப் பார்த்து உள்ளம் குளிர்ந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நாங்கள் அனுப்பிய துணி சயாமில் எந்த இயந்திரத்தை ஓட்டியதோ, அதன் பக்கத்தில் யார் செத்தார்களோ, அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னை விடவில்லை. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. இவர் போகவில்லை.

காவல்காரனுக்குக் குனிந்து வெளியே வந்தோம். தெருமுனை திரும்பியதும் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கன்னத்தில் விரல்கள் தடித்துச் சிவந்திருந்தன. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். ஏதாவது கேலியாகச் சொல்லி அவரைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"ஏங்க, உங்களுக்கு வேலையே தெரியாதாமே" என்றேன்.

"தெரியாதுதான்" என்றார்.

தன் வேலையைப் பற்றி அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் அதற்கு முன்பு வந்ததில்லை. அதற்குப் பிறகும், அவர் கண்மூடும்வரை, வந்ததில்லை. நான் அப்படியே நடுத்தெருவில் நின்று அழுதேன்.